மரத்திற்கும் ஒரு நேரம் உண்டு

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் பண்டார் தெங்காரா அமைந்துள்ளது. 1972ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தால் உருவான நகரங்களுள் இதுவும் ஒன்று. இந்நகரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இங்கு வாழும் மூன்றாம் படிவ மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவனுடைய பாட்டி இளமையில் பல ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

தீபாவளி நெருங்குகிறது. தாத்தாவின் படத்தை வைப்பதற்காகப் பாட்டிக்கு ஒரு சுவர் அலமாரி செய்து கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் மரவேலை செய்து பழகியவன் அவன். ஆகவே, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரக்கடையில் பலகைகளை வாங்கி வந்து வேலையைத் தொடங்குகிறான். நண்பகலுக்குள் பலகைகளை அளந்து அறுத்துவிடுகிறான். உணவு உண்ட பின் பசையிட்டு ஒட்டுகிறான். மூன்று மணிக்கு மணல்தாளால் தேய்க்கிறான். நான்கு மணிக்கு இடியுடன் மழை பிடிக்கிறது. இருப்பினும், அஞ்சடியில் அமர்ந்து வார்னிஷ் பூசுகிறான். ஆறு மணிக்கு இரண்டாம் பூச்சும் முடிகிறது. ஒரே நாளில் அலமாரி தயார்!

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வார்னிஷ் பூச்சில் வெண்மையான மூட்டம் படர்ந்திருக்கிறது. நேராக இருந்த பலகை சற்றே வளைந்திருக்கிறது. இணைப்பில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. தீபாவளி அன்று அலமாரியின் அடித்தட்டு கழன்று, தாத்தாவின் படம் கீழே விழுந்து, கண்ணாடியில் கீறல் விழுகிறது.

மாணவன் தலைகுனிந்து நிற்கிறான். பாட்டி கடிந்துகொள்ளவில்லை. படத்தைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டு, “பால்மரம் நாம நெனைக்கிற நேரத்துக்குப் பால் குடுக்காதுய்யா. அது குடுக்கிற நேரத்துக்கு நாமதான் எந்திரிச்சுப் போகணும். பலகையும் மரம்தானே?” என்கிறார்.

அவனிடம் திறமை இல்லாமல் இல்லை. அளவும் சரியாகவே இருந்தது. பலகையும் பசையும் நல்லவையே. அவன் தவறவிட்டது நேரம் ஒன்றைத்தான். மரவேலையில் சில பணிகளை விரைந்து முடிக்க வேண்டும்; சில பணிகளுக்குக் காத்திருக்க வேண்டும். எதில் விரைவது, எதில் காத்திருப்பது என்று அறிந்துகொண்டால், பொழுதுபோக்காகச் செய்யும் மரவேலையும் நெடுநாள் நிலைக்கும்.

தோட்டம் கற்றுத்தரும் பாடம்

பாட்டி சொன்னது அனுபவம் மட்டுமன்று, அறிவியலும்கூட. அந்தக் காலத் தோட்டங்களில் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து ‘பெரட்டு’ எனப்படும் வருகைப் பதிவுக்குச் சென்றனர். இருள் பிரியும் முன் சீவுகத்தியுடன் மரங்களை நாடினர். இரவில் மரம் தன் இலைகள் வழியாக இழக்கும் நீரின் அளவு குறைவு. அதனால், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்நேரத்தில் பட்டையைச் சீவினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறும்போது இலைகள் வழியாக நீர் வெளியேறும். குழாய்களில் அழுத்தம் குறையும். பால் வடிவதும் குறையும். ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே கை. ஆனாலும் நேரம் மாறினால் பயன் மாறிவிடுகிறது.

ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு, ரப்பர் மரத்தில் பால் குறைந்துவிடும். அதன்பின் அதனை வெட்டிவிட்டு மறுநடவு செய்வர். முன்பு அம்மரங்கள் பெரும்பாலும் விறகாகவே எரிந்தன. இன்றோ, மலேசியாவின் மரத் தளவாடப் பொருள்களுள் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் செய்யப்படுகின்றது. ஜொகூரின் மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

விறகாக எரிந்த மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறியது எவ்வாறு? அதிலும் நேரத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. ஆகவே, வெட்டிய மரத்தைச் சில நாள்கள் அப்படியே போட்டுவிட்டால் பூஞ்சணம் பற்றி நீலக்கறை படியும், வண்டுகளும் துளையிடும். மரம் சாய்ந்த நாள் முதலே நாள்கணக்கு தொடங்கிவிடுகிறது. அதனால், ஆலைகளில் மரத்தைத் தாமதமின்றிப் பலகையாக அறுக்கின்றனர். அறுத்த கையோடு, போரான் கலந்த மருந்து நீரை அழுத்தத்தின் மூலம் பலகைக்குள் செலுத்துகின்றனர். இதுவரை எல்லாம் விரைவு. அதன் பிறகு பலகைகளைச் சூடேற்றிய உலர்த்தும் அறையில் அடுக்கிப் பல நாள்கள் பொறுமையாக உலர்த்துகின்றனர். இதில் அவசரப்பட்டால் பலகை வெடிக்கும், வளையும். விரைவும் பொறுமையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதற்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

பலகைக்கு ஓய்வு கொடுத்தல்

இனி, வீட்டில் செய்யும் மரவேலைக்கு வருவோம். முதல் பழக்கம், வாங்கிய பலகையை அன்றே அறுக்காதிருத்தல்.

மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் ஈரத்தை வெளிவிடும். ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரியும். ஈரம் இறங்கும்போது சுருங்கும். நீளத்தில் ஏற்படும் மாற்றம் மிகக் குறைவு. ஆலையில் உலர்த்திய பலகையில் ஈரம் ஏறக்குறைய 8 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். நம் நாட்டின் திறந்தவெளிக் காற்றில் அது 15 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். 200 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையின் ஈரம் 4 விழுக்காடு மாறினால், அதன் அகலம் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மாறும். ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், பொருத்தமாக அறுத்த இணைப்பைத் தளர்த்திவிட அதுவே போதும்.

ஆகவே, பலகையை வாங்கியதும் அதில் பென்சிலால் தேதியை எழுத வேண்டும். அதனை வேலை செய்யப்போகும் இடத்திலோ, செய்த பொருளை வைக்கப்போகும் அறையிலோ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை விட்டுவைக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் நேரடியாகக் கிடத்தக் கூடாது. அவ்வாறு கிடத்தினால் அடிப்பக்கத்தில் காற்றுப் படாது, மேல்பக்கம் மட்டும் உலரும், பலகை வளையும். ஒரே தடிப்புள்ள சிறு குச்சிகளைக் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாப் பக்கமும் காற்றுப் புகும். இதற்குத் தேவைப்படும் உழைப்பு அரை மணி நேரம்தான். மற்ற நாள்களில் வேலை செய்வது காற்று, நாமல்ல.

மரத்திற்கு ஓய்வு தேவை என்பதைக் கைவினைஞர்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். தமிழ்நாட்டில் கும்பகோணத்திற்கு அருகில் நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. அங்குச் செய்யப்படும் நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதனைச் செய்ய ஆச்சா மரம் பயன்படுகிறது. புதிதாக வெட்டிய மரத்தை அக்கைவினைஞர்கள் விரும்புவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையுமே தேடி வாங்குகின்றனர். பல்லாண்டுகள் கூரையின் கீழ் இருந்து நன்கு உலர்ந்த மரம், கடைந்த பிறகு எளிதில் வெடிக்காது, வளையாது. நம் கோவில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் ஒலிக்கும் நாகசுரத்திற்குள் இத்தகைய நீண்ட காத்திருப்பு மறைந்திருக்கிறது. சுவர் அலமாரிக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. இரண்டு வாரம் போதும்.

தீட்டுவதற்கு ஐந்து நிமிடம்

இரண்டாவது பழக்கம், வேலையைத் தொடங்கும் முன் கருவிகளைத் தீட்டுதல். மழுங்கிய உளியால் வேலை செய்பவர் கூடுதல் வலிமையுடன் தள்ள நேரிடும். அப்போது உளி வழுக்கிக் கையைக் கிழிக்கலாம். கூரான உளியோ மெல்ல அழுத்தினாலே மரத்தைச் சீவும். ஆகவே, மழுங்கிய கருவியே அதிக ஆபத்தானது.

கருவி முற்றிலும் மழுங்கிய பிறகு தீட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கின்றனர். அப்போது தீட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். மாறாக, ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் ஐந்து நிமிடம் தீட்டுக்கல்லில் தேய்த்தால் கூர் குறையாது. தொடர்ந்து இழைப்புளியால் சீவும்போது, சீவல் சுருள் சுருளாக வருகிறதா, தூளாக உதிர்கிறதா என்று கவனிக்க வேண்டும். சீவல் உடைந்து உதிரத் தொடங்கினாலோ, தள்ளுவது கடினமானாலோ, அதுவே மீண்டும் தீட்ட வேண்டிய நேரம்.

ஐந்து நிமிடத்தில் விரைவு, ஒரு நாள் பொறுமை

மூன்றாவது பழக்கம், பசையின் நேரத்தை அறிந்து செயல்படுதல். மரவேலைக்குப் பரவலாகப் பயன்படும் வெள்ளைப் பசையில் நீர் கலந்திருக்கிறது. அந்நீர் மரத்திற்குள்ளும் காற்றிலும் வெளியேறும்போது பசை இறுகுகிறது. பசையைத் தடவிய பின், பலகைகளைப் பொருத்துவதற்கு நமக்குப் பொதுவாக 5 முதல் 10 நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் பொருத்தாவிட்டால் பசையின் மேல் ஆடை படியும். ஒட்டும் திறன் குறையும்.

எனவே, பசைப் புட்டியைத் திறப்பதற்கு முன் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும். முதலாவதாக, பசையின்றியே எல்லாப் பகுதிகளையும் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைத் தேவையான அளவுக்குத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, ஈரத்துணியையும் மூலைமட்டத்தையும் அருகில் வைக்க வேண்டும். இந்த ஆயத்தத்திற்குக் கால்மணி நேரம் ஆகும். ஆனால், பசை தடவிய பின் “கிளாம்பு எங்கே?” என்று தேடி ஓடும் நிலை வராது. மேலும், புதிதாக இழைத்த மரப்பரப்பில் பசை நன்கு பிடிக்கும். ஆகவே, இழைத்த அன்றோ மறுநாளோ ஒட்டிவிடுவது நல்லது.

பலகைகளைப் பொருத்தி இறுக்கிய பிறகு விரைவுக்கு இடமில்லை. குறைந்தது ஒரு மணி நேரமாவது கிளாம்பை அகற்றக் கூடாது. நம் நாட்டின் ஈரக்காற்றில், இரவு முழுவதும் விட்டுவைப்பது இன்னும் சிறப்பு. இணைப்பிலிருந்து பிதுங்கி வழியும் பசைக்கும் ஒரு நேரம் உண்டு. உடனே துடைத்தால் அது மரத்தின் மேல் பரவிக் கறையாகலாம். முற்றிலும் இறுகிய பின் பெயர்த்தால் மர இழையும் சேர்ந்து பெயரலாம். அரை மணி நேரம் கழித்து, பசை ரப்பர்போல் மென்மையாக இருக்கும்போது உளியால் சுரண்டினால் முழுமையாக வந்துவிடும்.

வெள்ளைப் பசை முழு வலிமை பெறுவதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். அதற்கு முன் இணைப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவதால் மற்றொரு தீமையும் உண்டு. பசையிலுள்ள நீரால் இணைப்பை ஒட்டிய மரம் சற்றே பருத்திருக்கும். அந்நிலையில் தேய்த்தால் பருத்த பகுதி கூடுதலாகத் தேய்ந்துவிடும். பின்னர் அது உலர்ந்து சுருங்கும்போது, இணைப்பு நெடுகிலும் மெல்லிய பள்ளம் தோன்றும். நம் மாணவன் ஒட்டிய சில மணி நேரத்திலேயே மணல்தாளை எடுத்தான். அதனால் இறுகாத இணைப்பும் அசைந்தது. பரப்பும் சீராக அமையவில்லை.

மழைக்கு முன் மெருகு

நான்காவது பழக்கம், வானத்தைப் பார்த்து வார்னிஷ் பூசுதல். ஜொகூரில் பருவமழை மாறும் மாதங்களில், நண்பகலுக்குப் பின் இடியுடன் மழை பெய்வது வழக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலத்தின் முற்பகுதியில் சில நேரங்களில் நாள் முழுவதும் மழை விடாது.

செல்லாக், லேக்கர் போன்ற மெருகுப் பூச்சுகள், அவற்றில் கலந்துள்ள கரைப்பான் ஆவியாவதால் உலர்கின்றன. ஆவியாகும்போது அது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த நீர்க்குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதைக் கண்டிருப்போம். அதுபோலவே, மழை நேரத்து ஈரக்காற்றிலுள்ள நீர் குளிர்ந்த பூச்சின் மேல் படிகிறது. அந்நீர் உள்ளே சிக்கிக்கொள்வதால் வெண்மூட்டம் தோன்றுகிறது. நம் மாணவனின் அலமாரியில் படர்ந்ததும் அதுவே. எண்ணெய் கலந்த வார்னிஷில் இம்மூட்டம் பொதுவாகத் தோன்றாவிட்டாலும், ஈரக்காற்றில் அது உலர்வதற்கு நெடுநேரம் ஆகும். அதற்குள் தூசியும் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, மழை இல்லாத நாளில் காலை ஒன்பது, பத்து மணி அளவில் பூசுவது சிறப்பு. இரவின் ஈரம் நீங்கியிருக்கும். மாலை மழைக்கு முன் பூச்சு உலர நேரமும் இருக்கும். மணல்தாளால் தேய்த்த உடனே பூசக் கூடாது. காற்றில் மிதக்கும் மரத்தூள் அடங்க வேண்டும். முதல் நாள் மாலையில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் பூசினால் பரப்பு வழவழப்பாக இருக்கும். பலகையின் இரு பக்கங்களிலும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், மற்றப் பக்கம் விரைவாக ஈரத்தை உறிஞ்சும், பலகை வளையும்.

அடுத்த பூச்சுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டின்னின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். விரல்நுனியால் மறைவான ஓரிடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை என்பது பொருள்.

மெருகிடும்போது தாமதிக்கவே கூடாத செயலும் ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் அல்லது அது கலந்த பூச்சைத் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. அவ்வெண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். கசங்கிய துணிக்குள் வெப்பம் சேர்ந்து, தீப்பொறி இல்லாமலேயே தீப்பற்றக்கூடும். வேலை முடிந்த உடனே அத்துணியை நீரில் அமிழ்த்த வேண்டும். அல்லது வெட்டவெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து உலர்த்த வேண்டும். இதனைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வது பாதுகாப்பு.

களைப்பு வருமுன் நிறுத்துதல்

ஐந்தாவது பழக்கம், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துதல். “இன்னும் ஒரே ஒரு பலகைதான், அறுத்துவிட்டுப் போகலாம்” என்ற எண்ணம் பெரும்பாலும் நாள் முடிவில்தான் வரும். அப்போது கை களைத்திருக்கும், கண் மங்கும், கவனம் உணவின் மேல் போயிருக்கும். அளவில் தவறு நேர்ந்தால் ஒரு பலகை வீணாகும். விரலில் நேர்ந்தால் அதனை ஈடுசெய்ய இயலாது. எனவே, அளத்தல், அறுத்தல், துளையிடுதல் ஆகியவற்றை உடலும் உள்ளமும் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் செய்ய வேண்டும். தேய்த்தல், துடைத்தல், அடுக்கிவைத்தல் ஆகியவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்கலாம். மின்கருவியால் எழும் ஓசை அண்டை வீட்டாரின் ஓய்வைக் கெடுக்காதிருக்கவும் இவ்வொழுங்கு உதவும்.

வேலையை முடிக்கும் முன் பத்து நிமிடத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இரும்புக் கருவிகள் விரைவில் துருப்பிடிக்கும். உளியையும் இரம்பத்தையும் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த வாரமும் அவை ஆயத்தமாக இருக்கும். அதோடு, “இடப்பக்கப் பலகை அறுத்தாயிற்று, அடுத்து வலப்பக்கம், 300 மில்லிமீட்டர்” என்பதுபோல் ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, எங்கு விட்டோம் என்று தேடுவதில் நேரம் வீணாகாது. ஒரே பலகையை இருமுறை அறுக்கும் தவறும் நேராது.

அதே எட்டு மணி நேரம்

நம் மாணவன் பொங்கலுக்குள் புதிய அலமாரி செய்ய முடிவெடுக்கிறான் என்று கொள்வோம். இம்முறை மரத்தின் நேரத்திற்கு ஏற்பத் தன் நேரத்தைப் பிரித்துக்கொள்கிறான்.

முதல் சனிக்கிழமை பலகைகளை வாங்கி, தேதி எழுதி, குச்சிகளின் மேல் அடுக்குகிறான். இதற்கு அரை மணி நேரம். இரண்டு வாரம் கழித்து, காலையில் மூன்று மணி நேரம் அளந்து, அறுத்து, பசையின்றிப் பொருத்திப் பார்க்கிறான். அன்று மாலை முக்கால் மணி நேரத்தில் ஒட்டி இறுக்கிவிடுகிறான். அடுத்த சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம் இழைத்துத் தேய்க்கிறான். மறுநாள் காலை வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து முதல் பூச்சு பூசுகிறான். அடுத்தடுத்த வார இறுதிகளில் மழை இல்லாத காலையில் மற்ற இரண்டு பூச்சுகளைப் பூசுகிறான். மூன்று பூச்சுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். இடையிடையே கருவிகளைத் தீட்டியது மொத்தம் அரை மணி நேரம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம். தீபாவளிக்கு முன் அவன் ஒரே சனிக்கிழமையில் செலவிட்டதும், உணவு நேரம் நீங்கலாக, அதே எட்டு மணி நேரம்தான். உழைப்பு கூடவில்லை, செலவும் பெரிதாகக் கூடவில்லை. அன்று எட்டு மணி நேரமும் இடைவெளியின்றி நெருக்கப்பட்டது. இன்று, அந்த மணித்துளிகளுக்கு இடையில் மரம் உலரவும், பசை இறுகவும், பூச்சு காயவும் வழி கிடைத்தது. இடையில் கிடந்த நாள்களில் அவன் பள்ளிக்குச் சென்றான், பாடம் படித்தான், பந்து விளையாடினான். காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று.

திருவள்ளுவர் ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். காலத்திற்காக அமைதியாகக் காத்திருப்பதையும், காலம் வாய்த்ததும் தயங்காமல் செயலை முடிப்பதையும் அவ்வதிகாரம் ஒருங்கே வலியுறுத்துகிறது. ஆட்சி புரியும் மன்னனுக்குச் சொன்ன அவ்வறிவுரை, அஞ்சடியில் உளி பிடிக்கும் மாணவனுக்கும் பொருந்துகிறது. ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை’ என்று நம் முன்னோர் கூறிய பழமொழி சமையலுக்கு மட்டும் உரியதன்று. ஆக்கும் திறமை எவ்வளவு தேவையோ, ஆறவிடும் பொறுமையும் அவ்வளவு தேவை.

பொங்கலன்று காலை, பாட்டி புதிய அலமாரியின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறார். பல்லாயிரம் மரங்களைத் தொட்டறிந்த கை அது. இணைப்பில் விரல் தடுக்கவில்லை. புதுக் கண்ணாடி போட்ட தாத்தாவின் படத்தை அதில் வைக்கிறார். “ரப்பர் மரமாய்யா?” என்று கேட்கிறார். “ஆமா பாட்டி” என்கிறான் பேரன். தாம் பால் சீவிய மரம் இப்போது தம் வீட்டுச் சுவரில் இருப்பதைப் பாட்டி சற்று நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.